மெரூன் சூட்கேஸும் காணாமற்போன கூறையும்

அத்தியாயம் 5

தீவுகளை இணைக்கிற தாம்போதி வீதியின் நடுவில் ஓட்டோ நின்றுவிட்டது. இருபக்கமும் கடல், தலைக்கு மேலே வெயில், காற்றுப்போன பின்சில்லு தரையோடு தரை. பஸ்ரியாம்பிள்ளை மாஸ்ரர் குடையை விரித்துக்கொண்டு நின்றார். குடை அவருடைய தலைக்கு. சில்லுக் கழற்றுகிற வேலை றொஷானிக்கு.

"மாஸ்ரர், உந்தக் குடையைக் கொஞ்சம் இஞ்சாலை சரிச்சால் பாவமோ?"

"நான் யோசிக்கிறன், பிள்ளை. யோசிக்கேக்கை தலை சூடாகப்படாது."

"இவ்வளவு குளிரா வைச்சும் இந்தக் கேஸ் பிடிபடேல்லையே!"

"கேஸ்! கேஸ்! எல்லாருக்கும் எல்லாம் கேஸ்!" என்று மாஸ்ரர் கடலைப் பார்த்துக் கத்தினார். கடல் கண்டுகொள்ளவில்லை.

மாஸ்ரர் ஊர்காவற்றுறைக்காரர். தீவுப் பள்ளிக்கூடங்களில் இங்கிலிஸ் படிப்பித்து இளைப்பாறியவர். இளைப்பாறிய பிறகுதான் மனுசனுக்கு ஓய்வில்லாமல் போனது. காணாமற்போன ஆடு, களவுபோன தண்ணீர் மோட்டர், கலியாணப் பேச்சில் குறைத்துச் சொல்லப்பட்ட மாப்பிள்ளையின் வயது எல்லாம் அவரிடம்தான் வரும். கண்டுபிடித்தும் கொடுப்பார், இல்லையென்று சொல்ல ஏலாது. ஆனால் ஒரு வருத்தம் உண்டு: எந்தச் சொல்லைக் கண்டாலும் அது பிறந்த வீடு எது, தாய் தகப்பன் யார் என்று விசாரிக்காமல் அடுத்த அடி வைக்கமாட்டார். (ஆக்களைப் பற்றி அப்படி விசாரித்தால் எங்களைப் புறணிக்காரர் என்கிறார்கள். சொல்லைப் பற்றி விசாரித்தால் படிப்பாளி!)

றொஷானி வேலணையில் ஓட்டோ ஓட்டுபவள். மாஸ்ரரிடம் படித்து அதே இங்கிலிசில் பெயிலானவள். இப்போது அவருக்குச் சாரதி, உதவியாள், வாய்க்கு வாய்.

"கேளும் பிள்ளை," என்றார் மாஸ்ரர். "கேஸ் எண்டது ஒரு சொல்லு இல்லை. ரெண்டு. வேற வேற தாய்க்குப் பிறந்து, ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரியுதுகள். ஒண்டு லத்தீனில 'காசுஸ்'. விழுகை எண்டு கருத்து. எங்கட தலையில வந்து விழுறது. கோட்டில நடக்கிற கேஸ், ஆசுப்பத்திரியில 'இண்டைக்கு ரெண்டு சீரியஸ் கேஸ்' எண்டுறது, எல்லாம் அதின்ர பிள்ளையள். நான் போட்ட கசுவல் லீவும் அதுதான். அக்சிடென்றும் அந்தக் குடும்பம்தான்."

"அப்ப இந்தச் சில்லும் சொந்தக்காரர். மற்றது?"

"மற்றது 'கப்சா'. பெட்டி. சூட்கேஸ், ஷோகேஸ், தலையணைக் கேஸ். முந்தி அச்சுக்கூடத்தில பெரிய எழுத்தை மேல்பெட்டியிலயும் சின்ன எழுத்தைக் கீழ்ப்பெட்டியிலயும் போட்டு வைப்பினம். அதாலதான் உமக்கு அப்பர் கேஸ், லோவர் கேஸ் எண்டு படிப்பிச்சனான்."

"அதிலதான் மாஸ்ரர் நான் விழுந்தது. இப்ப எங்கட கூறைக் கேஸ் எது? விழுந்ததோ, பெட்டியோ?"

"பெட்டி! சந்தேகமே இல்லை. சூட்கேஸைப் பிடிச்சால் கூறை உள்ளுக்கை."

அவர் அப்படிச் சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

விசயம் இதுதான். கனடாவிலிருந்து கதிர்காமுவும் மனைவி சறோஜினிதேவியும் மகன் தர்சனின் கலியாணத்துக்காக வேலணைக்கு வந்து, பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டைத் திறந்து இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தாலிகட்டு. மணப்பெண் தாலிகட்டுக்கு உடுக்கிற கூறை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோவது. அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை போட்ட பட்டு. சறோஜினிதேவி வந்த கையோடு முற்றத்துப் படியில் வழுக்கி விழுந்து, கால் வீங்கிக் கட்டிலோடு கிடந்தார். கூறையை அங்கிருந்தபடியே தையற்கடை ஞானசவுந்தரியிடம் கொடுத்து விட்டார், அதிலேயே வருகிற சட்டைத் துண்டை வெட்டி எடுத்துப் பெண்ணுக்கு ரவிக்கை தைக்கச் சொல்லி.

ஞானசவுந்தரி துண்டை வெட்டிக்கொண்டு கூறையைத் திங்கட்கிழமையே திருப்பிக் கொடுத்ததாகச் சொல்கிறாள். "மாமி நித்திரை. எழுப்ப மனமில்லை. ஹோலில ஷோகேஸுக்கு மேல பையோட வைச்சிட்டு வந்தனான்." சறோஜினிதேவி, வரவேயில்லை என்கிறார். புதன்கிழமை தேடினார்கள், கூறை இல்லை. வியாழக்கிழமை ஊர் முழுக்கக் கதை. ஞானசவுந்தரியிடம் சட்டை தைக்கக் கொடுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்த் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளி பொழுதுபடுவதற்குள் கூறை வராவிட்டால் பொலிசுக்குப் போவதாக மாமி அறிவித்துவிட்டார். எங்கள் ஊரில் பொலிஸ் ஒரு தையற்கடை வாசலில் வந்து நின்றால், பிறகு யாரும் அங்கே ஊசிகூட வாங்கமாட்டார்கள். தனியாக ஒரு மகளை வளர்க்கிற பெண்ணுக்கு அந்தக் கடைதான் சோறு.

அவள் மாஸ்ரரிடம் ஓடிவந்தாள். அழுதுகொண்டே ஒரு விவரம் சொன்னாள்: "வெட்டின பக்கம் நூல் பிரியும் எண்டு ஓரம் மடிச்சுத் தைச்சும் குடுத்தனான், மாஸ்ரர். சிவப்பு நூல் முடிஞ்சுபோச்சு. பச்சை நூலாலதான் தைச்சது. அது உள்ளுக்கை போற பக்கம்தானே. களவெடுக்க நினைக்கிறவள் ஓரம் தைப்பாளோ?"

அதனால்தான் இந்த வெள்ளி காலை, மாஸ்ரர் குளித்து வெளிக்கிட்டு ஓட்டோவுக்குக் காத்திருந்தார். றொஷானி பிந்தி வந்தாள், நெற்றியில் குங்குமத்தோடு.

"கோயிலுக்குப் போட்டு வாறன். அம்மனுக்குப் புதுப் பட்டு சாத்தியிருக்கு, மாஸ்ரர். செவ்வாயில இருந்து மாலைக்குள்ளால சும்மா ஜொலிக்கிறா. ஆர் குடுத்தது எண்டு ஐயரைக் கேட்டால், 'அம்மனுக்குத் தெரியும்' எண்டுறார்."

நானும் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான்.

இருவரும் கலியாண வீட்டுக்குப் போனார்கள். சறோஜினிதேவி கட்டிலில் இருந்தபடி ஞானசவுந்தரியின் மூன்று தலைமுறையையும் இழுத்தார். கதிர்காமு வாசலில் நின்று மீசையைத் தடவினார். மாஸ்ரர் வழியில் வாங்கிய மீன் றோல்ஸை நீட்டினார்.

"வேண்டாம், மாஸ்ரர்."

"ஏன், விரதமோ?"

கதிர்காமு கூரையைப் பார்த்தார். பிறகு மாஸ்ரரைத் தனியே வேலியோரம் கூட்டிப்போய், மெல்லிய குரலில் சொன்னார்: "கூறை மட்டுமில்லை, எங்கட மெரூன் சூட்கேஸ் ஒண்டையும் காணேல்லை. ஆரோ அதோட குறிகாட்டுவான் துறைக்குப் போற பஸ்ஸில ஏறினதாக் கதை. நயினாதீவுப் பக்கம் பாருங்கோ. கெதியாப் போனால் பிடிக்கலாம்."

சூட்கேஸ்! மாஸ்ரருக்கு வேறென்ன வேண்டும்? அப்படித்தான் இந்தத் தாம்போதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

சில்லு மாற்றி, குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போனபோது படகு இவர்கள் கண்முன்னாலேயே வெளிக்கிட்டுப் போனது. அடுத்த படகு நின்றது, ஆனால் ஏற விடவில்லை. சோடா ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப எடுப்பியள், தம்பி?"

"கொஞ்சம் பொறுங்கோ, ஐயா. இன்னும் கனக்கக் கேஸ் கிடக்கு."

மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டார். றொஷானி அவர் காதுக்குள், "இதும் கப்சாதானே, மாஸ்ரர்?" என்றாள். அவர் அவளை விட்டு அப்பால் போனார். வெயிலில் ஒரு சோடாப் பெட்டிமேல் உட்கார்ந்தார். அவரை எழுப்பிவிட்டு அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நயினாதீவில் இறங்கி விசாரித்தார்கள். கனடாக்காரரின் மெரூன் சூட்கேஸா? முதலாவது ஆள் வடக்கே கை காட்டினான். இரண்டாவது ஆள் தெற்கே. மூன்றாவது ஒரு கிழவர், "எந்தக் கனடாவில இருந்து வந்தனீங்கள்?" என்று கேட்டு, தன் மருமகனின் விலாசத்தை விசாரிக்கத் தொடங்கினார். கடைசியில் ஒரு கடலைக்காரி சொன்னாள்: "எங்கட சமையல்கார மீனலோசனி அக்காவிட்டை ஒண்டு கண்டனான்."

மீனலோசனி கலியாண வீடுகளுக்கும் அன்னதானங்களுக்கும் சமைப்பவள். அன்னதான மடத்தின் பின்பக்கத்தில் பெரிய கிடாரம் ஏற்றிய அடுப்புக்கு முன்னால் நின்றாள். சுவரோடு சாத்தியிருந்தது சூட்கேஸ். மெரூன் நிறம், சில்லு வைத்தது, கைபிடியில் விமானக் கம்பனித் துண்டு.

மாஸ்ரர் நெஞ்சை நிமிர்த்தினார். "இதைத் திறவும்."

"ஏன், ஆர் நீங்கள்?"

"துப்பறியிற ஆள்," என்றாள் றொஷானி. "பயப்பிடாதேங்கோ, அக்கா. அநேகமா ஒண்டும் பிடிபடாது."

சூட்கேஸ் திறந்தது. உள்ளே கரண்டி. அகப்பை. கண்ணகப்பை. பெரிய வடிதட்டு. அதற்குக் கீழே இன்னும் கரண்டி.

மாஸ்ரர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். ஓரம் வரை தடவினார். லைனிங்கைக்கூட இழுத்துப் பார்த்தார். பட்டு நூல் ஒன்றுகூட இல்லை.

"பெட்டியைப் பிடிச்சாச்சு, மாஸ்ரர்," என்றாள் றொஷானி. "சாம்பாரும் வைக்கலாம்."

"வாயை மூடும்!" என்று மாஸ்ரர் முதல்முறையாக அவளிடம் சீறினார். பிறகு மீனலோசனியிடம் திரும்பினார். "இது உம்மட கைக்கு எப்பிடி வந்தது?"

"கதிர்காமு அண்ணை தந்தது. எனக்குச் சித்தப்பான்ர மகன் முறை. செவ்வாய்க்கிழமை பாக்கப் போனனான். 'இந்தா, கரண்டி சட்டியளைச் சாக்கில கட்டிக்கொண்டு திரியாதை' எண்டு தந்து, தன்ர கையாலயே பஸ்ஸில ஏத்தியும் விட்டவர். பாவம் மனுசன். மீன் மச்சம் வாயில வைக்கிறேல்லை. நல்ல பாரைமீன் குழம்பு கொண்டுபோனனான், தொடவும் இல்லை. ஏன் எண்டு கேட்டால் கூரை மோட்டைப் பாக்கிறார்."

மாஸ்ரரும் றொஷானியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

திரும்பும் படகில் இடம் கிடைத்தது. இயந்திரச் சத்தம் காதை அடைத்தது. மாஸ்ரர் கரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"தன்ர கையால குடுத்த சூட்கேஸைக் காணேல்லை எண்டு ஏன் எங்களுக்குச் சொன்னவர்?"

"எங்களை அலைக்க."

"ஏன் அலைக்க வேணும்?"

"வேலணையில நிக்கப்படாது எண்டு."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"போய், தேடி, திரும்பி வர... பொழுதுபட்டிடும்." றொஷானி வாயில் கை வைத்தாள். "இண்டைக்கு வெள்ளி, மாஸ்ரர். பொழுதுபடத்தான் கழட்டுவினம்."

"எதை?"

"ஐயோ, மாஸ்ரர்! மனுசன் மச்சம் தின்னேல்லை. ஏன் எண்டு கேட்டால் மேல பாக்குது. எங்கட ஆக்கள் அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைச்சால், அது முடியுமட்டும் வாயால சொல்லாயினம். பெண்சாதிக்கும் சொல்லாயினம். சொன்னால் பலிக்காது எண்டு ஒரு பயம். எங்கட கோயிலில சாத்தின பட்டை வெள்ளி பின்னேரப் பூசைக்கு முதல் கழட்டி, சாத்தினவரின்ர கையில பிரசாதமாக் குடுக்கிறது வழக்கம்." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "செவ்வாய் தொட்டு நாளும் விடியப் போய்க் கும்பிட்டனான். மாலையைக் கும்பிட்டனே தவிர, உள்ளுக்கை என்ன உடுத்திருக்கிறா எண்டு பாத்தனானே!"

மாஸ்ரர் குடையை மடித்து மடியில் வைத்தார். பிறகு, "நான் பெட்டியைக் கலைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்," என்றார். "அந்த மனுசி படியில விழுந்ததில இருந்து என்னென்ன நடந்தது எண்டு ஒருத்தரையும் கேக்கேல்லை."

"அதை ஓட்டோவுக்குள்ள யோசியுங்கோ. படகு தட்டப்போகுது, குதியுங்கோ!"

அந்த ஓட்டோ தாம்போதியில் பறந்ததைக் கண்டவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கோயிலடிக்கு வந்தபோது திரை மூடியிருந்தது. தெற்கு வாசலோரம் வேட்டியோடு, மேற்சட்டையில்லாமல், தனியே ஓர் ஆள் நின்றார். மீசையைத் தடவிக்கொண்டு.

மாஸ்ரர் கிறிஸ்தவ வேதக்காரர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெளிமண்டபத்திலேயே நின்றார். ஐயர் திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் தட்டம், தட்டத்தில் மடித்த பட்டு. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. கதிர்காமு இரண்டு கையையும் நீட்டினார்.

"அண்ணை," என்றாள் றொஷானி, பின்னாலிருந்து. "ஓரத்தை ஒருக்கா விரிச்சுப் பாருங்கோ. பச்சை நூல் தையல் இருக்கோ?"

கதிர்காமுவின் கை தட்டத்திலேயே நின்றுவிட்டது. ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "ஓம், பச்சை நூல்தான். நல்ல நெருக்கமான தையல்."

"அப்ப ஞானசவுந்தரி திருப்பிக் குடுத்திருக்கிறாள்," என்றார் மாஸ்ரர். "உங்கட வீட்டு ஷோகேஸுக்கு மேலதான் வைச்சிருக்கிறாள்."

கதிர்காமு தூணோடு சாய்ந்தார். வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "மகனுக்கு ஒரு கலியாணம் சரிவந்தால் அம்மனுக்குப் பட்டுச் சாத்துறன் எண்டு நேர்த்தி. என்ர மனுசியிட்டை, 'நல்ல பட்டொண்டு வாங்கி வையும்' எண்டு மட்டும் சொன்னனான். ஏன் எண்டு சொல்லேல்லை. சொல்லப்படாதே! ஷோகேஸுக்கு மேல பட்டைக் கண்ட உடனை, கேளாமலே விளங்கிக்கொண்டா எண்டு சந்தோசத்தில எடுத்துக்கொண்டு வந்தனான். எனக்குக் கூறை எது, மற்றது எதெண்டு ஆர் காட்டினது? எல்லாம் சிவப்பு."

"புதன்கிழமை தேடேக்கை தெரிஞ்சிருக்குமே," என்றார் மாஸ்ரர்.

"தெரிஞ்சுது." குரல் இறங்கியது. "சாத்தினதைத் திருப்பிக் கேட்டால் நேர்த்தி முறியும். அவவுக்குச் சொன்னால் நான் முறிவன். வெள்ளி மட்டும் சமாளிச்சால், கட்டிலுக்குக் கீழ கண்டனான் எண்டு எடுத்துக் குடுத்திடலாம் எண்டு..."

"அதுக்கிடையில ஒரு பிள்ளைக்குக் கள்ளி எண்டு பேர் வைச்சாச்சு," என்றார் மாஸ்ரர். "நீங்கள் பட்டைக் களவெடுக்கேல்லை, கதிர்காமு. அவளின்ர பேரைத்தான் எடுத்தனீங்கள். பட்டு வெள்ளிக்கிழமை திரும்பி வரும். அது வருமோ?"

கதிர்காமு தூணை விட்டு நிமிர்ந்தார். தட்டத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அப்படியே வீதியால் வீட்டுக்கு நடந்தார். வேலியில் எத்தனை தலை எட்டிப் பார்த்தது என்பது எனக்குத் தெரியும். ஒன்று என்னுடையது.

வீட்டில் நடந்ததை எழுதினால் அச்சுக்கோப்பவர் கூசுவார். ஆனால் சறோஜினிதேவி லேசுப்பட்டவர் அல்ல. ஏச்சு ஓய்ந்து, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கதையே மாறிவிட்டது. "அம்மன் உடுத்த கூறையைக் கட்ட என்ர மருமகள் குடுத்து வைச்சவள். நான்தான் சாத்தக் குடுத்துவிட்டனான், இந்தக் களேபரத்தில மறந்துபோனன்." பொலிஸ் என்ற சொல்லே அவர் வாயிலிருந்து பிறந்ததில்லை என்பதுபோல முகம். ஞானசவுந்தரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாஸ்ரர் பற்களைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். "கண்டுபிடிச்சு என்ன பிரயோசனம், பிள்ளை? கள்ளி எண்டு ஊருக்குச் சொன்ன வாய், இல்லை எண்டு சொல்லாதாம்."

"பொறுங்கோ, மாஸ்ரர்," என்றாள் றொஷானி. "கூறைக்குச் சட்டை வேணுமே. துண்டு எங்க கிடக்கு?"

துண்டு ஞானசவுந்தரியின் மேசையில் கிடந்தது. வெட்டியபடி, தைக்காமல்.

சனிக்கிழமை காலை கலியாண வீட்டிலிருந்து ஆள் வந்தது: சட்டை பின்னேரத்துக்குள் வேண்டுமாம், கூலி எவ்வளவானாலும் பரவாயில்லையாம். ஞானசவுந்தரி தையல் மிஷினுக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டு, "மாமியை வரச்சொல்லுங்கோ," என்றாள். அவ்வளவுதான். ஆள் மறுபடி வந்தது. அவள் மறுபடி அதையே சொன்னாள். அந்தக் கரைக்கும் பட்டுக்கும் அளவாக வேறு துண்டு இனிக் காஞ்சிபுரத்தில்தான் வாங்கவேண்டும்.

மதியத்துக்குச் சற்று முன், றொஷானியின் ஓட்டோ தையற்கடை வாசலில் வந்து நின்றது. கடையில் ஒரே சனம். திருப்பி எடுத்துப் போன துணிகளோடு எல்லாப் பெண்களும் வந்திருந்தார்கள், தைக்கக் கொடுக்கவாம். என் கையிலும் ஒரு துண்டு இருந்தது.

சறோஜினிதேவி வீங்கிய காலை மெல்ல ஊன்றி இறங்கினார். கதிர்காமு பிடிக்கப் போனார், கையைத் தட்டிவிட்டார்.

"சட்டை," என்றார்.

"தைக்கலாம், மாமி," என்றாள் ஞானசவுந்தரி. அவள் கண் தாழவில்லை. "ஊருக்குச் சொன்னதை முதலில ஊருக்கே ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ. எல்லாரும் நிக்கினம்."

சறோஜினிதேவி எங்களைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மேசையில் கிடந்த சிவப்புத் துண்டைப் பார்த்தார்.

"இவள் எடுக்கேல்லை," என்றார். பிறகு, எங்களுக்குக் கேட்கவில்லையோ என்பதுபோல, இன்னும் உரத்து: "அண்டைக்கே கொண்டுவந்து வைச்சிட்டாள். பிழை எங்கட வீட்டில."

ஞானசவுந்தரி மிஷினின் மேல்துணியை எடுத்தாள். தனக்கிருந்த ஒரே கதிரையை மாமியின் பக்கம் தள்ளிவிட்டு, நின்றுகொண்டே ஊசியில் நூல் கோத்தாள்.

வாசலில் மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "கேஸ் முடிஞ்சுது, பிள்ளை."

"எது, மாஸ்ரர்? கப்சாவோ, காசுஸோ?"

மாஸ்ரர் முதற்தடவையாக ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லாமல் ஓட்டோவில் ஏறினார். உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது. சிவப்பு நூல் இன்னும் வாங்கியிருக்கவில்லை. பச்சை நூலால்தான் தைத்தாள்.